பாய்க்கு அனுப்பாத மஞ்சள் நோட்டீஸ்

வக்கீல் மேடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நான் யார் யாருக்கெல்லாம் பணம் தரவேண்டும் என்று எழுதச் சொன்னார். பெயர், விலாசம், வாங்கிய தொகை, இன்றைக்கு நிற்கிற தொகை, எதில் எதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், எல்லாம். தாம்பரம் மேற்கில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஆபீஸ். கீழே மெஷின் ஓடுகிற சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதத் தெரியும். ஆனால் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கை ஓடாது. பதினோரு பேரை எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பன்னிரண்டாவது ஆளை எழுதவில்லை.

"வேற யாராச்சும் இருக்காங்களா? சொந்தக்காரங்க, ஃபிரண்ட்ஸ், கைமாத்து?"

"இல்ல மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுக்குக் கீழ நீங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடப்போறீங்க. வேணும்னே ஒருத்தர விட்டா அது குத்தம்."

"அவ்ளோதான் மேடம்."

அந்தப் பன்னிரண்டாவது ஆள், தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஆணி, போல்ட், பெயின்ட் விற்கிற ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாய். நான் அவருக்கு நாலு லட்சம் தரவேண்டும். அதை எழுதாமல் விட்டது மரியாதைக்காக என்றுதான் அன்றைக்கு என்னிடமே நான் சொல்லிக்கொண்டேன்.

என் தொழில் பேலட் அடிப்பது. ஃபேக்டரிகளில் சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்ட்டில் தூக்குவதற்கு அடியில் மரத்தட்டு வைப்பார்களே, அதுதான். பதினாறு வருஷம் அடுத்தவர் ஷெட்டில் கூலிக்கு அடித்தேன். பிறகு படப்பையில் சொந்தமாக ஒரு தகர ஷெட் போட்டேன். ஆறு பேர் வேலை செய்தார்கள். ஒரகடத்துப் பெரிய கம்பெனிகள் என்னைப் போன்றவனிடம் நேராக வாங்காது. நடுவில் ஒரு பேக்கிங் கான்ட்ராக்டர் இருப்பார். கம்பெனி அவருக்குத் தொண்ணூறு நாளில் பணம் தரும். அவர் எனக்கு நூற்றிருபது நாளில் தருவார். மரக்காரருக்கு நான் முப்பது நாளில் தரவேண்டும். வேலை செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் தரவேண்டும். இந்த முப்பதுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவில் இருக்கிற தொண்ணூறு நாளை யாராவது வட்டிக்கு விற்றால்தான் என் ஷெட் ஓடும். வியாபாரம் பெருகப் பெருக அந்த இடைவெளியும் பெருகும் என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஆர்டர் கூடுகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

முதலில் பேங்க். அது போதாமல் நகை. அது போதாமல் சீட்டை முன்னாலேயே தள்ளி எடுத்தேன். அப்புறம் தண்டல். ரெண்டு லட்சம் என்று எழுதி, இருபதாயிரத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் தருவார்கள். மறுநாள் காலையிலிருந்து தினமும் வசூல். வெற்று புரோநோட்டில் கையெழுத்தும், தேதி போடாத செக் இரண்டும் தண்டல்காரர் பையில் இருந்தன. கடைசியில் ஃபோனிலேயே கடன் தருகிற ஆப். அதில் தவணை தவறினால் மனைவியின் நம்பருக்கும், மனைவியின் அண்ணன் நம்பருக்கும் மெசேஜ் போகும். போனது.

பேக்கிங் கான்ட்ராக்டர் ஒருநாள் கம்பெனி ஆர்டரை இழந்தார். அடுத்த வாரம் அவர் ஆபீஸ் கதவில் பூட்டு. அவர் ஃபோன் மணி அடிக்கக்கூட இல்லை. எனக்கு வரவேண்டிய பதினேழு லட்சம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே மேஜைகூட இல்லை.

அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் பாய் எனக்குப் பணம் கொடுத்தது. நான் கேட்கவில்லை. ஆணி வாங்கப் போனவன் கல்லா முன்னால் ரூபாயை மூன்றாம் தடவை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணினால் கூடும் என்கிற மாதிரி.

"இன்னா தம்பி, ஆணிக்குமா கடன்?" என்றார் பாய்.

சனிக்கிழமைச் சம்பளத்துக்கு இல்லை என்று சொன்னேன். எவ்வளவு என்றார். சம்பளம் மட்டும் இல்லை பாய் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் குறுக்கே பேசவில்லை. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வைத்தார். நாலு லட்சம். வட்டி அவர்கள் மார்க்கத்தில் கூடாது, அதனால் வட்டி இல்லை. நான் பேப்பர் எழுதித் தருகிறேன் என்றேன்.

"எழுதிக்கச் சொல்லித்தான் எங்க மார்க்கத்துல இருக்கு. நாந்தான் சோம்பேறி," என்று சிரித்தார். "கஸ்டமர் வந்துகினு இருக்காங்க, அப்புறம் எழுதிக்கலாம் போ."

அந்த அப்புறம் வரவே இல்லை. அது என்ன பணம் என்றும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருப்பேனோ என்று இப்போது நினைக்கிறேன். வாங்கித்தான் இருப்பேன்.

இந்த ஊரில் திவால் மனு போடுகிறவனை மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவன் என்பார்கள். எதற்கு மஞ்சள் என்று மார்க்கெட்டில் நாலு பேரைக் கேட்டால் நாலு காரணம் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கோர்ட் காகிதமே மஞ்சள் என்றார் ஒருவர். வெட்கம் கெட்டவனின் நிறம் அது என்றார் இன்னொருவர். எனக்காகப் போனது வெள்ளைத் தாள்தான். ஆனாலும் அது போன இடத்திலெல்லாம் மஞ்சளாகத்தான் பேசப்பட்டது. அதிலும் ஒரு பழைய சந்தேகம் உண்டு. முன்பெல்லாம் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்த பெரிய வியாபாரிகள் சிலர், ஆறு மாதம் ஊர்ப்பக்கம் தலைகாட்டாமல் இருந்துவிட்டு, மனைவி பெயரில் இன்னொரு கடை திறந்திருக்கிறார்கள். அதனால் நோட்டீஸ் கொடுத்தவன் பணத்தை எங்கேயோ பதுக்கி வைத்திருக்கிறான் என்றுதான் ஜனங்கள் முதலில் நினைப்பார்கள். என் தட்டில் மீன் இருந்தால்கூட யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்ட நாட்கள் உண்டு.

பதினோரு பேருக்கும் நோட்டீஸ் போன வாரத்தில் தண்டல்காரர் பெருங்களத்தூரில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. வெளியில் பைக்கில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"இன்னாண்ணா, கட்தாசி அனுப்பிகீற. லவ் லெட்டரா?"

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பெரிய கம்பெனி வுழுந்தா பேங்க்காரன் பாதிய வுட்டுக் குடுத்துட்டு கை குலுக்கினு போறான், டிவில காட்றான். நீயும் பெரிய கம்பெனி ஆயிட்டியா? ஆறு பேர வச்சி ஆணி அடிச்சவன் நீ."

"கோர்ட்ல பேசிக்கலாம்ணா," என்றேன். மேடம் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது.

"பேசுவேன். நீ எங்க இன்னா பதுக்கி கீறன்னு அங்கயே கேக்குறேன். ஒரே ஒரு ஓட்டை ஆம்ட்டா போதும், உன் மனுவ கிழிச்சிடுவேன்."

அவர் அப்படியே செய்தார். வக்கீல் வைத்து எதிர்ப்பு மனு போட்டார். ரெண்டு லட்சம் கொடுத்த புரோநோட்டில் ஐந்து லட்சம் என்று நிரப்பியிருந்தார். அது பொய் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கீழே என் கையெழுத்து இருந்தது. பட்டியலில் அவர் ஐந்து லட்சத்துக்கு நின்றார். நாலு லட்சத்தை முழுசாகக் கொடுத்தவர் பட்டியலிலேயே இல்லை.

அந்த நாட்களில் பாய் கடைப்பக்கம் போகவே பயமாக இருந்தது. ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"மார்க்கெட்ல எல்லாருக்கும் வந்துச்சாமே. எனக்கு வரலியே தம்பி?"

"உங்களுக்கு அனுப்புவேனா பாய்? உங்களுது தனி. உங்களுக்கு நானே கொண்டாந்து குடுப்பேன்."

அவர் தராசில் ஆணியை நிறுத்துக்கொண்டிருந்தார். தட்டு நின்ற பிறகு "சரி" என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தத்தோடு சொன்னாரா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? தன்னை மட்டும் உயர்த்தி வைத்திருக்கிறான் என்றா? இல்லை, தன் பணத்தை மட்டும் கடனாகவே எண்ணவில்லை என்றா? கேட்டிருக்கலாம்.

ஐந்து மாதம் கழித்து பாய் இறந்துபோனார். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

மதியத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை என்றார்கள். மார்க்கெட் கடைக்காரர்கள் பாதிப்பேர் கேட் ஓரத்தில் நின்றோம். மரக்காரர் இருந்தார். தண்டல்காரரும் இருந்தார். பாய் அவரிடம் கடன் வாங்கியவர் இல்லை, ஆனால் எல்லாக் கடைக்கும் தண்டல்காரர் போக்குவரத்து உண்டு. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். சாவு வீட்டில் சண்டை போடாத நாகரிகம் அவருக்கு இருந்தது.

தொழுகைக்கு முன்னால் பாயின் மகன் முன்னே வந்து மைக்கை வாங்கினான். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவன். முப்பது வயசு இருக்கும். குரல் உடையாமல் பேசினான்.

"அத்தா யாருக்காவது கடன் பாக்கி வச்சிருந்தா, அது இனிமே என் பொறுப்பு. கூச்சப்படாம என்கிட்ட வந்து கேளுங்க. அவர் யாருக்காவது மனசு நோகிற மாதிரி நடந்திருந்தா மன்னிச்சிடுங்க."

இது அவர்கள் வழக்கம். இறந்தவர் கழுத்தில் கடன் நிற்கக்கூடாது, அடக்கம் செய்வதற்கு முன்னால் யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் அதற்கு முன் கேள்விப்பட்டிருக்கிறேன், நேரில் கேட்டது அன்றுதான். அவர் யாருக்குத் தரவேண்டும் என்று மட்டும் கேட்டான். அவருக்கு யார் தரவேண்டும் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை போல. அது தரவேண்டியவன் தானாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

பக்கத்திலிருந்து தண்டல்காரர் என் காதில் மெதுவாகச் சொன்னார். "இது நல்ல பழக்கம்ணா. உனக்குச் சொல்றதா இருந்தா மைக்க ஒரு நாள் வாடகைக்கு எட்க்கணும்."

அவர் அங்கே நிற்கிறார் என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே நினைப்பு. இங்கே வாயைத் திறந்தால் நாளைக்கே அவர் வக்கீல் கையில் அது இருக்கும். சத்தியம் செய்து கொடுத்த பட்டியலில் ஓர் ஆளை மறைத்திருக்கிறான் என்று ஆகும். மனு போகும். மனு போனால், வழக்கு முடியும்வரை இழுத்துக்கொண்டிருக்கிற வீடு உடனே போகும். பேசாமல் நின்றேன். பிறகு எல்லோரோடும் கபர்ஸ்தானுக்கு நடந்தேன். என் முறை வந்தபோது மூன்று கை மண் போட்டேன். கையைத் தட்டினால் மரியாதையாக இருக்காது என்று மண்ணோடேயே வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து, போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று கடைக்குப் போனேன். துக்கம் கேட்க என்று சொல்லிக்கொண்டேன். மகன் லீவு போட்டுவிட்டு ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தான். சுவர் ஓரமாக ஆணிப் பெட்டிகளை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். மைக்கில் சொன்னதைக் கேட்டு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். பெயின்ட் டிஸ்ட்ரிபியூட்டர், பைப் கம்பெனி ஆள், கடை ஓனர். எல்லோருக்கும் பில் இருந்தது. தன் சேமிப்பை எடுத்து மூன்று பேருக்குத் தீர்த்துவிட்டதாகச் சொன்னான்.

"அண்ணா, அத்தாவோட நீங்க ரொம்ப நாள் பழக்கம் இல்லியா?"

"பன்னண்டு வருஷம்."

"ஏதாவது ஸ்கீம், டபுள் மணி அந்த மாதிரி எதுலயாவது காசு போட்டிருந்தாரா? உங்ககிட்ட ஏதாவது பேசினாரா?"

"ஏன் தம்பி?"

அவன் நோட்டை மூடினான். "அம்மாவும் அவரும் ஹஜ்ஜுக்குப் போக வருஷக்கணக்கா சேர்த்த காசு. நாலு லட்சம். ரெண்டு நாள்ல பேங்க்ல இருந்து கேஷா எடுத்திருக்காரு. எங்க போச்சுன்னே தெரியல. அம்மாகிட்டகூடச் சொல்லல. அந்த வருஷம் பேரு குடுக்கலாம்னு அம்மா கேட்டப்ப, அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லியிருக்காரு." நோட்டின் மேல் பேனாவை வைத்தான். "மாமா என்னென்னமோ சொல்றாரு. ஆம்பளைங்க ரகசியமா இவ்ளோ காசு எடுத்தா அதுக்கு ஒரே காரணம்தானாம். வேற எங்கயோ ஒரு குடும்பம் இருக்கும்னு சொல்றாரு. அம்மா அதக் கேட்டதுல இருந்து சரியாச் சாப்பிடல."

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே தம்பி," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் கோர்ட்டில் சொன்னது இரண்டாவது இடம்தான். முதல் இடம் இதற்கு. கடையை விட்டு இறங்கி ஜி.எஸ்.டி ரோடு வரைக்கும் நடந்தேன். பஸ் ஏறாமல் மூன்று பஸ்ஸை விட்டேன். நாலு லட்சம் மட்டும் என்றால் எப்படியோ சமாதானம் சொல்லிக்கொள்வேன். இப்போது அந்தப் பணத்தோடு ஒரு மனுஷனின் பெயரும் போய்க்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்குள்ளேயே, சொந்தக்காரர் வாயாலேயே. அந்த அம்மா, புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் இருக்கிற இத்தாவில், வெளியே வராமல் வீட்டுக்குள் உட்கார்ந்து, தன் புருஷனை வேறு ஒருத்தியோடு நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாலைந்து நாள் சோறு இறங்கவில்லை. சுகர் ஏறியிருக்கும் என்று மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாய் பணத்தை நான் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நான் அப்படி நினைக்க விட்டிருந்தேன்.

"லிஸ்ட்ல ஏன் எழுதல?" என்றாள்.

"மரியாதைக்காக."

"யாரு மரியாதைக்கு?"

மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்தாள்.

"அவருக்கு நோட்டீஸ் போனா, அடுத்த தடவ கைமாத்து கேக்க முடியாதுன்னு நெனச்ச. அதுதானே?"

பதினெட்டு வருஷம் கூடவே இருப்பவளுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அது உண்மை. எல்லாக் கதவையும் அடைத்தபோது ஒரு கதவை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன்.

"வீடு போயிடும்டி," என்றேன்.

"போகும்," என்றாள். "நீ போய்ச் சொல்றியா, நான் போகட்டுமா?"

மறுநாள் பகலில் கடைக்குப் போனேன். கஸ்டமர் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, எதிர்ப்பக்கம் டீக்கடையில் காத்திருந்து உள்ளே போனேன். சொல்லி முடிக்கும்வரை அவன் உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. சத்தம் போடுவான், அடிப்பான் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். அவன் ஃபோனை எடுத்தான். "அம்மா, அந்தக் காசு எங்க போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க நெனச்ச மாதிரி ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு வந்து சொல்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். பிறகு கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்தே நின்றான்.

"அன்னிக்கு என் மூஞ்சியப் பாத்துத் தெரியாதுன்னு சொன்னீங்கள்ல," என்றான்.

"ஆமா."

"பேப்பர் எதுவும் இருக்கா?"

"இல்ல."

"கோர்ட் லிஸ்ட்ல?"

"இல்ல."

"அப்ப இருக்கிறது நீங்க மட்டும்தான். நாளைக்கு நீங்களும் இல்லேன்னா?" அக்கவுன்ட்ஸ் படித்தவன் கேட்கிற மாதிரி கேட்டான். "லிஸ்ட்ல சேருங்க அண்ணா. என்ன கிடைக்குதோ கிடைக்கட்டும். அத்தா குடுத்தாருன்னு ஒரு எடத்துல எழுதியிருக்கணும்."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அன்னிக்கே மூணு தடவ கேட்டேன்," என்றார். இரண்டு தடவைதான் கேட்டார், ஆனால் திருத்தவில்லை. திருத்த மனு போடலாம், ஆனால் தண்டல்காரர் இதற்காகத்தான் காத்திருக்கிறார் என்றார். சேர்த்தாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஷெட்டில் இருக்கிற மெஷின், கம்ப்ரசர், வீடு எல்லாம் விற்றாலும் பேங்க் தன் அடமானத்துக்கு முதலில் எடுத்துக்கொள்ளும். மீதியைப் பிரித்தால் ரூபாய்க்கு எட்டு, பத்துப் பைசா வரலாம். அதுவும் வழக்கு முடிந்த பிறகு.

"எட்டுப் பைசாவுக்காக மனுவையே பணயம் வைக்கறீங்களா?"

"ஆமா மேடம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டைப் செய்யச் சொன்னார். பன்னிரண்டாவதாகப் பாயின் பெயர் ஏறியது. பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட்டார்கள். ஆதாரம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மேடம் யோசித்தார். பிறகு மனுதாரரின் ஒப்புதல் என்று எழுதினார்.

அடுத்த வாய்தாவுக்கு மகன் வந்தான். கோர்ட் வராந்தாவில் தண்டல்காரரும் மரக்காரரும் சீட்டுக்கார அம்மாவும் பேங்க் ஆளும் நின்ற வரிசையில் அவனும் நின்றான். ஆபீஸ் ஐடி கார்டைச் சட்டைப் பைக்குள் தள்ளியிருந்தான்.

"நீ யாருப்பா?" என்றார் தண்டல்காரர். சொன்னான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "பாய்கிட்டயுமா?" என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலில் இருந்தது எனக்குத் திட்டைவிட மோசமாகப் பட்டது.

அன்றைக்கு அவருடைய வக்கீல் அதிகம் பேசவில்லை. சத்தியம் செய்து கொடுத்த பட்டியலில் ஒருவரை வேண்டுமென்றே மறைத்ததை மனுதாரரே ஒப்புக்கொள்கிறார், இன்னும் எத்தனை பேரை, எவ்வளவு சொத்தை மறைத்திருக்கிறாரோ தெரியாது என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது. ஏன் மறைத்தீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். மரியாதைக்காக என்று அங்கேயும் சொல்ல வாய் வந்தது. பயத்தில் என்றேன். இரண்டு வாய்தா கழித்து மனு தள்ளுபடி.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பேங்க் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோயிற்று. விளம்பரத்தில் என் பெயரையும் வீட்டின் நாலு பக்க எல்லையையும் போட்டிருந்தார்கள். தண்டல்காரர் ஷெட்டில் இருந்த கம்ப்ரசரையும் ஆணி அடிக்கிற ஏர் கன்னையும் எடுத்துக்கொண்டு போனார். தடுக்க என்னிடம் எந்தக் கோர்ட் ஆர்டரும் இல்லை. நாங்கள் படப்பையில் ஒற்றை அறை வாடகைக்கு வந்துவிட்டோம். முன்பு எனக்குப் போட்டியாக இருந்தவருடைய ஷெட்டில் இப்போது கூலிக்குப் பேலட் அடிக்கிறேன். ஏலத்தில் பேங்க் எடுத்தது போக மற்றவர்கள் கடன் அப்படியே நிற்கிறது. ஆப்காரர்கள் மட்டும் சலித்துப்போய் மெசேஜை நிறுத்தியிருக்கிறார்கள், அல்லது வேறு யாருக்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தா முடிந்து, நாங்கள் வாடகை அறைக்கு வந்த பிறகு மகன் ஃபோன் செய்து வீட்டுக்கு வரச் சொன்னான். போனேன். ஹாலில் ஒரு நாற்காலி போட்டார்கள். அந்த அம்மா உள் அறைக் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் அவரை முன்பு இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். பாய் எனக்கு எப்படிப் பணம் கொடுத்தார், என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டார். ஆணி வாங்கப் போனதிலிருந்து துணிப்பை வரைக்கும் சொன்னேன். நாந்தான் சோம்பேறி என்று அவர் சிரித்ததையும் சொன்னேன். அந்த இடத்தில் அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"என்கிட்டச் சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுதிக் குடுங்க. எழுதிக் குடுத்தா மட்டும் போதும்னு நெனைக்காதீங்க. காசும் வேணும்."

"தர்றேன்மா."

"மாசம் எவ்ளோ முடியும்?"

கூலியில் வாடகை, அரிசி, மருந்து போக என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். ரெண்டாயிரம் என்றேன். மகன் கடை பில் புக்கில் எழுதினான். அத்தாவிடம் கைமாத்தாக வாங்கியது நாலு லட்சம், வட்டி இல்லை, மாதம் ரெண்டாயிரம், இருநூறு மாதம். பேனாவை நிறுத்தி மனக்கணக்குப் போட்டான். "பதினாறு வருஷம் எட்டு மாசம்," என்றான். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு.

"நான் இருக்க மாட்டேன்," என்றார் அந்த அம்மா. "எம்மவன் வாங்கிக்குவான்."

கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு என்னிடம் எழுநூறு ரூபாய் இருந்தது. அதை எடுத்து வைத்தேன். மகன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு தடவை எண்ணி, அதே தாளில் கழித்து எழுதினான். மூன்று லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து முந்நூறு.